நம்ம பி.டி. மாஸ்டர்களுக்கெல்லாம் ஒரு மாஸ்டர்! - ஹாரி பக் கதை

ஏற்காடு டிரிப் அடிச்சவங்களுக்கு அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள் மறக்கவே மறக்காது. அதே சேர்வராயன் மலைக்கு மேற்கே, சேலத்திலிருந்து தர்மபுரி போகிற வழியில், தீவட்டிப்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம் இருக்கிறது. பெயர் பெரியவடகம்பட்டி. மாரியப்பன் தங்கவேலுவின் சொந்த ஊர்.

அவர் கதை நமக்குத் தெரியும். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிவிட்டது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்தப் பையன்தான் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்து டோக்கியோவில் வெள்ளி. 2024-ல் பாரிஸில் வெண்கலம்.

இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் ஸ்கூல் கிரவுண்டில் நடந்தது. காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஓரமாக உட்கார வைக்காமல், உயரம் தாண்டிப் பார்க்கச் சொல்லி உற்சாகப்படுத்தியவர், பள்ளியில் இருந்த பி.டி. மாஸ்டர்.

சரி, விசில் மாட்டிய அந்த பி.டி. மாஸ்டர் நம்ம ஊர் ஸ்கூலுக்கு எப்படி வந்தார்? இதைத் தேடிப் போனால், மாரியப்பனுக்குச் சரியா 100 வருஷம் முன்னாடி, 1924-ல் அதே பாரிஸ் நகரத்துக்கு இந்திய டீமைக் கூட்டிக்கிட்டுப் போன ஓர் அமெரிக்கர்கிட்ட போய் நிற்போம்.

அவர் பெயர் ஹாரி குரோ பக்.

ஐந்தே மாணவர்கள்!

1884-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தவர் பக். படித்தது ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி. 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தாரே, அதே இடம்தான். விளையாட்டையும் ஒரு பாடமாக எடுத்து முறைப்படி சொல்லித் தர முடியும் என்று நம்பிய இடம்.

1919-ல் அவர் மெட்ராஸ் வந்தபோது இங்கே நிலைமையே வேற. பல பள்ளிகளில் விளையாட்டு என்றால் டிரில் மட்டும்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் வரிசையில் நிற்க வைத்து லெஃப்ட், ரைட் சொல்வார். பசங்க கையைக் காலைத் தூக்கணும். அவ்வளவுதான். யார் வேகமா ஓடுறான், யாரால உயரம் தாண்ட முடியும்னு கவனிக்க ஆள் இல்லை.

பக் வேறு கணக்குப் போட்டார். பத்து வீரர்களை உருவாக்கினால் பத்து வீரர்கள்தான். பத்து ஆசிரியர்களை உருவாக்கினால்? ஒவ்வொருத்தரும் ஒரு ஸ்கூலுக்குப் போவார்கள். வருஷா வருஷம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்ப்பார்கள்.

1920-ல் மெட்ராஸ் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். முதல் பேட்ச்சில் எத்தனை பேர் தெரியுமா? ஐந்தே பேர்! வசதிகளும் சொற்பம். இன்னைக்கு ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் வாங்கியிருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இப்படித்தான் பிறந்தது.

வெறுங்கையோடு திரும்பிய டீம்

நான்கே வருஷத்தில் அடுத்த பொறுப்பு வந்தது. ஒலிம்பிக்கில் இந்தியப் பெயர் முதலில் வந்தது 1900-ல். கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்டு, பாரிஸில் இரண்டு வெள்ளி வாங்கினார். அதன் பிறகு நீண்ட இடைவெளி. 1920-ல் தொழிலதிபர் தோராப்ஜி டாடாவின் முயற்சியில் ஒரு சின்ன அணி பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்துக்குப் போனது. பதக்கம் இல்லை.

1924 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்திய அளவில் போட்டி நடத்தி, பாரிஸுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அணியின் மேனேஜராகப் போனவர் பக். அப்போது அவருக்கு வயது 39. அணியில் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் கண்ணூரிலிருந்து சி.கே.லட்சுமணனும் இருந்தார். 110 மீட்டர் தடை ஓட்டக்காரர்.

யோசிச்சுப் பாருங்க. ஃபின்லாந்தின் பாவோ நூர்மி ஒரே ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் அள்ளியது அந்த பாரிஸில்தான். இந்தப் பக்கம், முறையான பயிற்சியே இப்போதுதான் எட்டிப்பார்க்கும் ஒரு நாட்டின் கையளவு வீரர்கள். அதுவும் சொந்தக் கொடி இல்லாத நாடு. ரிசல்ட்? ஒரு பதக்கம்கூட இல்லை.

பக் நினைத்திருந்தால் அத்தோடு மூட்டையைக் கட்டியிருக்கலாம். ஆனால், அவர் திரும்ப வந்தது மெட்ராஸுக்குத்தான். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் முறைப்படி உருவானது. தலைவர் தோராப்ஜி டாடா, செயலாளர் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.காரரான நோரென். அடுத்த வருஷமே ஆம்ஸ்டர்டாமில் ஹாக்கித் தங்கம். ஊரே கொண்டாடியது. பக் வகுப்பறைக்கும் கிரவுண்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். மெட்ராஸ் அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராக இருந்தார். விளையாட்டு விதிமுறைகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். கல்லூரியும் வளர்ந்து, அடையாற்றின் பக்கம் பெரிய இடத்துக்கு மாறியது. அது எந்த இடம்னு கேட்கிறீங்களா? சென்னைப் புத்தகக் காட்சிக்கும் கான்சர்ட்டுக்கும் போவீங்களே, அதே நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.தான்!

1943-ல், 58 வயதில் பக் இறந்தார். உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் ஒலிம்பிக்கே நின்றுபோயிருந்த காலம் அது. 1948-ல் சுதந்திர இந்தியா சொந்தக் கொடியோடு லண்டன் போனதை அவர் பார்க்கவில்லை. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியையும் பார்க்கவில்லை.

அந்த பீரியட் யாருடையது?

பக் பெயரில் ஒலிம்பிக் பதக்கம் எதுவும் கிடையாது. ஆனால் பயிற்சி எடுத்த ஓர் ஆசிரியர் ஒவ்வொரு ஸ்கூல் கிரவுண்டிலும் நிற்கணும் என்ற ஐடியாவுக்கு இந்த மண்ணில் விதை போட்டவர் அவர். சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு காலில் வலுவில்லாத பையனின் திறமையை ஒரு கண் பார்த்ததே, அப்படிப் பார்க்கத் தெரிந்த கண்களை உருவாக்கத்தான் அவர் 20 வருஷத்துக்கு மேல் உழைத்தார்.

நாம என்ன பண்றோம்? பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல் போவது பி.டி. பீரியட்தான். கணக்கு டீச்சரோ சயின்ஸ் டீச்சரோ போர்ஷன் முடிக்க அந்த நேரத்தை வாங்கிக்கொள்வார்கள். பசங்க முனகிக்கிட்டே நோட்டைத் திறப்பார்கள். அந்த 40 நிமிஷத்தில் கிரவுண்டில் யாராவது கவனித்திருக்க வேண்டிய ஒரு பிள்ளை, கவனிக்கப்படாமலே ஸ்கூலை முடித்துவிட்டுப் போகலாம்.

அடுத்த முறை ஏற்காடு போகும்போது, கீழே ஏதாவது ஒரு கிராமத்து ஸ்கூலில் விசில் சத்தம் கேட்டால் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க.

ஆமா, உங்க பி.டி. மாஸ்டர் பேர் ஞாபகம் இருக்கா?