வெள்ளுடை வேந்தர்

வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் சிறுவனின் செவியில் பாடம் ஏறுமோ? இதனை நன்குணர்ந்தவர் சர் பிட்டி தியாகராயர்.

அவர் 1852-ஆம் ஆண்டில் தோன்றினார். நெசவுத் தொழிலால் பெரும்பொருள் ஈட்டினார். தூய வெண்ணிற ஆடையே அணிந்தமையின் மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என்றனர்.

தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராய் விளங்கிய காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்கு நண்பகற் சிற்றுண்டியை விலையின்றி வழங்க மன்றம் இசைந்தது. அது 1920-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள். மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்செலவாகலாகாது என்பது வரையறை. ஓரணாவாவது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. வறிய பெற்றோர்க்கோ அதுவே பேருதவி! விரைவில் வேறு நான்கு பள்ளிகளிலும் உணவு வழங்கலாயிற்று. மாணவர் தொகையும் பெருகிற்று.

அவ்வாண்டின் இறுதியில் சென்னை மாகாண முதலமைச்சர் பதவி அவரை நாடி வந்தது. அதனை அவர் ஏற்றாரல்லர். மாநகராட்சிப் பணியிலேயே நின்றார்.

தொடக்கக் கல்வி நிதியை உணவிற்குச் செலவிடலாகாதென ஆங்கில அரசினர் பின்னர்த் தடுத்தனர். கல்வி வேறு, பசி வேறு எனக் கருதினர் போலும்! 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அவ்வுணவு நின்றது. அத்திங்கள் முடியுமுன் தியாகராயரும் மறைந்தார்.