நோயாளரின் ஊழியர், ஊழியரின் தலைவர்
புனித கமில்லுஸ் தெ லெல்லிஸ்



நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து நர்சுப் படிப்புப் படித்து, உள்ளூரிலும் கடல் கடந்தும் பணிபுரியும் பிள்ளைகள் பலர். அவர்களில் சிலர் இன்று வார்டுப் பொறுப்பாளராகவும், மேட்ரனாகவும், மேற்படிப்பு முடித்துப் பயிற்சி அளிப்பவராகவும் உயர்ந்துள்ளனர். நோயாளியின் படுக்கையருகே நின்று பணிபுரிவது ஒரு கலை. அப்பணியைச் செய்யும் பலரை நடத்திச் செல்வதோ வேறொரு கலை. முன்னதை அறிந்தவரெல்லாம் பின்னதை அறிந்தவர் அல்லர். இவ்விரண்டையும் கற்றுத் தேர்ந்த ஒருவரின் வாழ்வை இந்த ஜூபிலி மலரில் சிந்திக்க விரும்புகிறோம். அவரே நர்சுகளின் பாதுகாவலரான புனித கமில்லுஸ்.

சூதாடிய போர்வீரன்

இத்தாலி நாட்டில் அப்ருட்சிப் பகுதியைச் சேர்ந்த புக்கியானிக்கோ என்னும் ஊரில் 1550-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் கமில்லுஸ் பிறந்தார். தாய்க்கு முதிர்ந்த வயதில் பிறந்த பிள்ளை. தந்தை ஒரு போர்வீரர். சிறு வயதிலேயே தாயை இழந்த மகன், தந்தையின் வழியைப் பின்பற்றிப் படையில் சேர்ந்தான். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், முன்கோபம், அதற்கும் மேலாகச் சூதாட்ட வெறி.

காலில் உண்டான ஒரு புண் ஆறாமல் போகவே, 1571-இல் உரோமையிலுள்ள சான் ஜாக்கமோ மருத்துவமனைக்கு வந்தார். தீராத நோயாளருக்கென ஏற்பட்ட இல்லம் அது. சிகிச்சை பெற்றுக்கொண்டே அங்கு வேலையாளாகவும் இருந்தார். ஆனால் சீட்டாட்டமும் சண்டையும் ஓயாததால் சில மாதங்களில் வெளியேற்றப்பட்டார். பின்னாளில் மருத்துவமனைகளுக்கே ஒழுங்கு வகுத்துத் தந்தவர், ஒழுங்கீனத்திற்காக மருத்துவமனையிலிருந்து துரத்தப்பட்டவர் என்பதை நாம் மறக்கலாகாது.

வெனிஸ் அரசின் படையில் சேர்ந்து துருக்கியருக்கு எதிராகப் போரிட்டார். 1574-இல் படையிலிருந்து விடுபட்டு நேப்பிள்ஸ் வந்தவர், கையிலிருந்த அனைத்தையும் உடுத்த சட்டை உட்படச் சூதில் தோற்றார். பிச்சை எடுக்கும் நிலைக்கு இறங்கிய அவருக்கு, மான்பிரதோனியா நகரில் கப்புச்சின் துறவியர் தங்கள் கட்டட வேலையில் கூலியாளாக இடம் கொடுத்தனர். ஒருநாள் ஒரு துறவி அவருக்குக் கூறிய நல்லுரை உள்ளத்தைத் தைத்தது. மறுநாள், 1575 பிப்ரவரி 2, மாதாவின் சுத்திகரத் திருநாள். கழுதை மீது திரும்பி வரும் வழியில் கீழே இறங்கி, கற்களின் மேல் முழந்தாளிட்டு அழுது, தம் பழைய வாழ்வை விட்டொழித்தார்.

படுக்கையருகே கற்ற பாடம்

கப்புச்சின் சபையில் சேர விரும்பினார். ஆனால் காலின் புண் மீண்டும் திறந்தது. சபை அவரை வைத்துக்கொள்ள இயலவில்லை. மீண்டும் அதே சான் ஜாக்கமோவுக்கு வந்தார். இம்முறை வந்தது வேறொரு கமில்லுஸ். கடைநிலை வேலையாளாகத் தொடங்கியவர், படிப்படியாக உயர்ந்து அந்த இல்லத்தின் நிர்வாகப் பொறுப்பாளரானார்.

அக்கால மருத்துவமனைகளின் நிலையை நாம் கற்பனை செய்வதும் கடினம். கூலிக்கு வந்த வேலையாட்களுக்கு நோயாளர் மீது பரிவில்லை. உணவு ஊட்டாமலும், அழுக்கை அகற்றாமலும் நோயாளரை விட்டுவிடுவர். மூச்சு முற்றும் அடங்குமுன்பே சிலரைப் பிணமென்று தூக்கிச் சென்றதும் உண்டு. கமில்லுஸ் அதிகாரத்தைக் கொண்டு அவர்களைத் திருத்த முயன்றார். இரவிலும் பகலிலும் எதிர்பாராத வேளையில் வார்டுகளைச் சுற்றி வந்தார். கண்டிப்பால் ஓரளவு ஒழுங்கு ஏற்பட்டது; அன்பு ஏற்படவில்லை. கூலியும் அச்சமும் ஒருவனை வேலை செய்யவைக்கலாம், நேசிக்க வைக்க முடியாது என்பதை அவர் அங்குதான் உணர்ந்தார்.

1582-இல் மோட்ச ஆரோபணத் திருநாளை ஒட்டிய ஓர் இரவில், கூலிக்காக அன்றி இறைவனுக்காகவே நோயாளரைப் பேணும் ஒரு குழுவை அமைக்கும் எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. ஐந்து பேர் இணைந்தனர். ஒரு சிறு அறையில் கூடிச் செபித்தனர். மருத்துவமனையைக் கைப்பற்றத் திட்டமிடுகிறார் என மேலிடம் சந்தேகித்து, அந்தச் செப அறையைக் கலைத்துவிட்டது. அவருடைய ஆன்ம குருவான புனித பிலிப் நேரியும், படிப்பறிவு குறைந்த இம்மனிதர் ஒரு குழுவை நடத்தவல்லவர் அல்லர் என எண்ணி, சான் ஜாக்கமோவை விட்டு விலகுவதை விரும்பவில்லை. பாடுபட்ட சுரூபமே தமக்கு ஊக்கமளித்ததாகக் கமில்லுஸ் உணர்ந்தார் என்பர்.

தமக்குக் குறைவாயிருந்ததை அவர் மறைக்கவில்லை, கற்றுக்கொண்டார். முப்பத்திரண்டு வயதில், சேசு சபையினரின் உரோமைக் கல்லூரியில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார். 1584-இல் குருப்பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மருத்துவமனைப் பணிக்கான ஒழுங்குகளை எழுதினார்.

கைகளில் இதயம்

அந்த ஒழுங்குகளின் அடிப்படை ஒன்றே: ஒரு தாய் தன் ஒரே பிள்ளையை நோயில் பேணுவதுபோல் ஒவ்வொரு நோயாளியையும் பேணவேண்டும். ஆனால் இது வெறும் உணர்ச்சிப் பேச்சாக நிற்கவில்லை. நோயாளிக்கு ஏற்ற உணவு, நல்ல காற்று, தொற்றுநோய் கண்டவரைத் தனியே வைத்தல், உயிர் பிரிந்ததாகத் தோன்றிய பின்னும் சற்று நேரம் காத்திருத்தல் என நுணுக்கமான வழிமுறைகளைத் தம் குழுவினருக்குக் கற்பித்தார். கைகளின் வேலையில் இதயமும் இருக்கவேண்டும் என்பதே அவர் போதனையின் சாரம்.

1586-இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இக்குழுவை அங்கீகரித்து, அங்கியில் செந்நிறச் சிலுவை அணியவும் அனுமதித்தார். செஞ்சிலுவைச் சங்கம் தோன்றியது 1863-இல். அதற்கு ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு முன்பே நோயாளருக்கு ஆறுதல் தந்த சிவப்புச் சிலுவை இது. 1591-இல் பாப்பரசர் பதினான்காம் கிரகோரி இதைத் துறவற சபையாக உயர்த்தினார். உயிருக்கு ஆபத்து வரினும் நோயாளருக்குப் பணிபுரிவோம் என்பது இச்சபையின் நான்காம் வார்த்தைப்பாடு. அது வெறும் சொல்லன்று. 1589-இல் நேப்பிள்ஸ் அருகே கொள்ளைக் காய்ச்சல் கண்ட வீரர்களைப் பேணிய சகோதரர் சிலர் அதே நோயால் இறந்திருந்தனர். 1595-இல் ஹங்கேரிப் போர்க்களத்திற்கும் அவர் சகோதரரை அனுப்பினார். 1598 கிறிஸ்துமஸ் வேளையில் டைபர் நதி பெருக்கெடுத்தபோது, சாந்தோ ஸ்பிரித்தோ மருத்துவமனையின் நோயாளரை அவரும் சகோதரரும் தோளில் சுமந்து மேல்மாடிக்குக் கொண்டு சென்று காப்பாற்றினர்.

இறங்கத் தெரிந்த தலைவர்

புனிதர் என்பதால் அவர் தலைமையில் குறையே இல்லை எனச் சொல்வதற்கில்லை. நோயாளர் மீது கொண்ட தாகத்தால், சபையின் ஆள்பலத்தையும் பொருள்பலத்தையும் மீறி அவர் பொறுப்புகளை ஏற்றார். 1594-இல் மிலான் பெரிய மருத்துவமனையின் முழுப் பணியையும், ஆலோசகர்களின் கருத்துக்கு மாறாகவே ஏற்றுக்கொண்டார். சகோதரர் பலர் நோயுற்று மாண்டனர், கடன் பெருகியது. இரவு பகலாக மருத்துவமனையிலேயே தங்கி எல்லா வேலையையும் செய்வதா, ஆன்மப் பணியை முதன்மையாகக் கொள்வதா என்ற பிணக்குச் சபைக்குள் எழுந்தது. 1600-இல் பாப்பரசர் எட்டாம் கிளமெண்ட் வெளியிட்ட ஆணையின் மூலம் சமரசம் உண்டாயிற்று. கமில்லுஸ் அதற்குப் பணிந்தார்.

1607-இல் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். தாம் தோற்றுவித்த சபையில் தாமே ஒரு சாதாரண உறுப்பினராகி, மற்றொருவருக்குக் கீழ்ப்படிந்தார். மனம் கசந்து ஒதுங்கவில்லை. மறுபடியும் நோயாளரின் படுக்கையருகே சென்று உணவூட்டினார், புண்களைத் துடைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆறாத தம் கால்புண்ணோடு, நிற்க இயலாதபோதும் ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குத் தட்டுத்தடுமாறிச் சென்றார். 1614 ஜூலை 14-ஆம் நாள், அறுபத்து நான்காம் வயதில், உரோமையில் இறைவனடி சேர்ந்தார்.

1746-இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1886-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும், 1930-இல் பதினோராம் பத்திநாதர் நர்சுகளுக்கும் அவரைப் பாதுகாவலராக ஏற்படுத்தினர். அவர் வழியில் 1892-இல் பெண்களுக்கென ஒரு சபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான அன்னை ஜுசெப்பினா வன்னினி, 2019 அக்டோபர் 13-ஆம் நாள், நம் கேரளத்து அன்னை மரியம் திரேசியாவோடு ஒரே திருப்பலியில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நமக்கு

தலைமை என்பது நாற்காலியோடு வருவதன்று. கமில்லுஸ் முதலில் நோயாளியாகக் கிடந்தார், பின் வேலையாளாக உழைத்தார், பொறுப்பாளராகிக் கண்டிப்பின் எல்லையைக் கண்டார், படித்தார், பிறரைப் பயிற்றுவித்தார், வேளை வந்தபோது இறங்கினார். பொறுப்பேற்றுள்ள நம் நர்சுப் பிள்ளைகள், தங்களுக்குக் கீழே புதிதாக வேலைக்கு வந்துள்ள சிறு பெண்ணைக் கடிந்து பேசுமுன் இவரை நினைப்பார்களாக. பக்த சபைகளிலும் பங்குப் பேரவையிலும் பொறுப்பு வகிக்கும் நாமும், அடுத்தவரை வளர்க்கவும், காலம் வரும்போது மனநிறைவோடு இடம் விட்டு, கடைசி வரிசையில் நின்று அதே பணியைத் தொடரவும், இப்புனிதரின் மன்றாட்டால் இறைவன் நமக்கு அருள்வாராக.