தமிழ்த் தட்டச்சின் தந்தை முத்தையா

ஒசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தமிழ்த் தட்டச்சுப் பயில்வோர், தம் விரல்கள் பழகும் விசைகளுக்கு வழிகாட்டியவர் யாவர் எனச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று. அவரே யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 ஆம் ஆண்டு பிறந்த இராமலிங்கம் முத்தையா.

இளமையில், 1907 இல், கடல் கடந்து மலேயா சென்ற அன்னார், பின்னர்ச் சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராய் அமர்ந்தார். ஆங்கிலக் கடிதங்கள் பொறியில் விரைந்து உருவாதலை நாடோறும் கண்ட அவருள்ளத்தே, தமிழுக்கு இப்பேறு வாய்க்காதோ என்னும் ஏக்கம் எழுந்தது. அலுவலகத்திலும் வணிகத்திலும் பொறி ஏறாத மொழிக்கு இடம் குறுகும் என்பதை அவர் உணர்ந்தார்.

இடர்ப்பாடோ பெரிது. தமிழெழுத்துக்கள் 247, பொறியின் விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு, ஒரு விசைக்கு இரண்டு வடிவங்களே அமையும். எனவே எழுத்தை முழுதாய்க் கொள்ளாது, கொம்பு, கால், புள்ளி என உறுப்புக்களாகப் பிரித்தார். 'கொ' என்பதற்குக் கொம்பும் ககரமும் காலும் போதுமன்றோ? புள்ளிக்கு 'நகரா விசை' அமைத்தார். அதனை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து விழும் மெய்யின் தலையில் புள்ளி நிற்கும். இவ்வமைப்பைக் கொண்ட பொறிகளை ஜெர்மனியிலுள்ள சீடல் அண்டு நௌமன் நிறுவனத்தார் செய்தளித்தனர்.

சென்னை மாநிலம் 1956 இல் தமிழை ஆட்சிமொழியாக்கியபோது, அலுவலகங்களுக்குத் தமிழ்ப் பொறி வேண்டியதாயிற்று. முன்னரே வழி திறந்திருந்தமையின் தமிழ் தயங்கி நிற்கவில்லை.

இந்நாளில் விசைகளை நிரல்படுத்தக் கணினியே துணைசெய்கின்றது. ஜான் ஹாலந்து என்னும் அமெரிக்க அறிஞர் 1975 இல் நூலாக்கிய மரபியல் படிமுறை அதற்கு ஒரு வழி. பல விசையமைப்புக்களை உண்டாக்கி, விரல் ஓடும் தொலைவால் ஒவ்வொன்றையும் மதிப்பிட்டு, நல்லனவற்றைக் கலந்து, சிறிது மாற்றி, மீண்டும் தேர்தலே அதன் இயல்பு. உயிர்கள் தலைமுறை தோறும் திருந்துதல் போன்றதாம் அது. 1999 இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 என்னும் கணினி விசைப்பலகையோ உயிரும் மெய்யும் சேர்ந்தாலே உயிர்மெய் தானே உருவாகும்படி அமைந்தது.

ஆயினும், எவ்வளவு வேகமாய்க் கணக்கிடினும், பொறி தனக்கிட்ட உறுப்புக்களையே மாற்றியமைக்கும். எழுத்தை எவ்வாறு பிரித்தல் வேண்டும் என முதலில் காண்பது மனித அறிவே. கணினிக்கு முன்னரே அதனைக் கண்ட எழுத்தர் ஒருவரின் வாழ்வு, சிறு பணியில் அமர்வோரும் மொழிக்குப் பெருந்தொண்டு ஆற்றலாம் என்பதற்குச் சான்றாய் நிற்கின்றது.