பேசாமலே உலகை வென்ற வீரநாயகன்

வாள் சுழற்றி, மாடத்திலிருந்து பாய்ந்து, காதலியை மீட்டுச் செல்லும் கதாநாயகனை எந்த மொழிப் படத்திலும் காணலாம். திரையில் அவனுக்கு உருவங்கொடுத்தவர்களுள் முதன்மையானவர் டக்ளஸ் பெயார்பாங்ஸ்.

1883 மே 23 இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பிறந்தவர். ஐந்து வயதில் தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் செல்ல, தாயாரால் வளர்க்கப்பட்டார். நியூயோர்க் நாடக மேடைகளில் பெயர்பெற்று 1915 இல் திரையுலகில் பிரவேசித்தார். 1919 இல் சார்லி சப்ளின், மேரி பிக்போர்ட், கிரிபித் ஆகியோருடன் இணைந்து யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதால், முதலாளிமாரின் தயவின்றித் தம் விருப்பப்படி படமெடுக்க வழிபிறந்தது. மறு ஆண்டில் மேரியைக் கரம்பிடித்தார். ஸோரோவாக முகமூடி அணிந்ததும் அதே ஆண்டில்தான். அப்போது அவருக்கு வயது 37; பலர் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் பருவம்.

சாகசங்களிற் பெரும்பாலானவற்றைத் தாமே செய்தார். அவை கண்மூடித்தனமான துணிச்சல் அல்ல. அவரது கைக்கும் காலுக்கும் எட்டும் அளவறிந்தே அரங்குகள் அமைக்கப்பட்டன. ‘ரொபின் ஹூட்’ (1922) படத்தில் கோட்டையின் நெடிய திரைச்சீலையில் அவர் வழுக்கி இறங்குகையில், அதன் பின்னே சறுக்குப் பலகை மறைந்திருந்தது. ‘பக்தாத் திருடன்’ (1924) படத்தில் ஜாடிக்கு ஜாடி தாவியபோது, உள்ளே மீள்துள்ளல் வலைகள் இருந்தன. பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்ததோ பறவையின் இலாவகம் மட்டுமே.

பறக்கும் கம்பளமும் வானளாவிய மாடங்களும் கொண்ட அந்த பக்தாத், ஹொலிவூட்டில் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட செலவில் எழுந்த கனவுநகர். மெய்யான பக்தாத் அவ்வேளையில் பிரித்தானிய ஆணையாட்சியின் கீழ் இருந்தது. அந்நகரைப் பற்றிப் படம் எதையும் சொல்லவில்லை என்பதையும் இங்கு குறிப்பிடத்தான் வேண்டும்.

எழுத்து அட்டைகளை மாற்றினாற் போதும், அவரது படம் எந்நாட்டிலும் ஓடியது. 1926 இல் கம்யூனிச மொஸ்கோவிலும் தம்பதியரைக் காணக் கூட்டம் திரண்டது. மறுவருடம் பேசும்படம் வந்தது. அவரது குரலில் குறையேதும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. உடல் பேசிய இடத்தில் வசனம் பேசவேண்டி வந்ததே அவருக்கு நேர்ந்த இடர். திரைப்படக் கலைக்கழகத்தின் முதற்தலைவராக, பின்னாளில் ஒஸ்கார் எனப்பட்ட விருதுகளை 1929 இல் முதன்முறையாக வழங்கினார். அவ்வாண்டு வெளியான அவரது ‘இரும்பு முகமூடி’யின் முடிவில் நாயகன் மடிகிறான்.

மேரியுடனான இல்வாழ்வு 1936 இல் மணவிலக்கில் முடிந்தது. அதற்கு ஈராண்டு முன்னர் வெளியான கடைசிப் படத்தில் அவர் ஏற்றது, முதுமையெய்திய காதல் மன்னன் டொன் ஜுவானின் வேடம். 1939 டிசம்பர் 12 இல், 56 ஆவது வயதில், மாரடைப்பினால் காலமானார்.