இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் இங்கிலீஷ் டீச்சர் ஆகிவிடலாமா? ஜான் ஹேகிராஃப்ட் காட்டிய வழி

செல்டா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வெளிநாட்டில் இங்கிலீஷ் ஆசிரியர் வேலை தேடும் நண்பர் யாராவது இருந்தால், அவர் வாயில் இந்தச் சொல் கட்டாயம் வரும். இன்றைக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சான்றிதழாக இருக்கும் இந்தப் பயிற்சி, ஒரு கணவனும் மனைவியும் நடத்திய சாதாரண மொழிப் பள்ளியில் பிறந்தது. கணவர் பெயர் ஜான் ஹேகிராஃப்ட். மனைவி பிரிட்டா.

யார் இந்த ஹேகிராஃப்ட்?

1926-ல் குவெட்டாவில் பிறந்தவர். இன்று பாகிஸ்தானில் இருக்கும் அந்த ஊர், அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ராணுவ நகரம். அப்பா ராணுவ அதிகாரி. ஜான் சின்னப் பையனாக இருந்தபோதே, தன் கீழ் வேலை பார்த்த சிப்பாய் ஒருவரால் அப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் ஜானையும் தம்பி காலினையும் அம்மாதான் வளர்த்தார்.

ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பு, பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். நல்ல வேலையில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவர் செய்தது வேறு. ஸ்வீடன் நாட்டுக்காரரான பிரிட்டாவைத் திருமணம் செய்துகொண்டு, 1953-ல் ஸ்பெயினின் கோர்டோபா நகரில் ஓர் இங்கிலீஷ் பள்ளியைத் தொடங்கினார். சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்ட காலம் அது. தெரியாத ஊர், கையில் பெரிய முதலீடு கிடையாது. அந்த அனுபவத்தைப் பின்னாளில் ‘பேபல் இன் ஸ்பெயின்’ என்ற புத்தகமாகவே எழுதினார்.

அங்கே என்ன கற்றுக்கொண்டார்?

இங்கிலீஷ் தெரிவது வேறு, அதைச் சொல்லிக் கொடுப்பது வேறு. தாய்மொழியைப் பேசுபவருக்கு அதன் விதிகள் கண்ணுக்குத் தெரியாது. நம்மிடம் யாராவது வந்து, ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்திருந்தான்’ என்பதற்கும் என்ன வித்தியாசம்னு கேட்டால் உடனே சொல்லிவிடுவோமா? தினமும் சரியாகத்தான் பேசுகிறோம், விளக்கத்தான் வராது. இங்கிலீஷ்காரர்களுக்கும் இதே கதைதான்.

1959-ல் தம்பதி லண்டனுக்கு வந்து அங்கும் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் இன்டர்நேஷனல் ஹவுஸ் ஆனது. மாணவர்கள் குவிந்தார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது: வகுப்பு எடுக்க ஆள் வேண்டும். இங்கிலீஷ் பேசும் பட்டதாரிகளுக்கு லண்டனில் பஞ்சமில்லை. ஆனால் அவர்களை நேராக வகுப்புக்குள் அனுப்பினால், அடி வாங்குவது காசு கட்டிய மாணவர்தான். பல்கலைக்கழகப் படிப்போ ஒரு வருடம் இழுக்கும், அதிலும் தியரிதான் அதிகம்.

1962-ல் என்ன நடந்தது?

ஹேகிராஃப்ட் தம்பதி தாங்களே ஒரு குறுகிய காலப் பயிற்சியை ஆரம்பித்தார்கள். அதன் அடிப்படை ரொம்ப எளிமை. நீச்சலைப் புத்தகத்தில் படித்து யாரும் கற்க முடியாது, தண்ணீரில் இறங்க வேண்டும். அதுபோல, புது ஆசிரியர் பயிற்சிக் காலத்திலேயே நிஜ மாணவர்கள் முன்னால் நின்று பாடம் எடுக்க வேண்டும். பின்னால் ஒரு பயிற்றுநர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். வகுப்பு முடிந்ததும் எது சரி, எது சொதப்பல் என்று பேசுவார்கள். மறுபடி வகுப்பு, மறுபடி விமர்சனம்.

காலப்போக்கில் இது 4 வாரப் பயிற்சியாக நிலைத்தது. உச்சரிப்பைக் கற்பிப்பதில் பிரிட்டாவுக்குத் தனி ஈடுபாடு. அது பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

வகுப்பில் என்னதான் கற்றுத் தருகிறார்கள்?

ஓர் உதாரணம். பாடம் நடத்திவிட்டுப் புரிஞ்சுதா என்று கேட்கிறோம். எல்லாரும் தலையாட்டுவார்கள். யாருக்குப் புரிந்தது? தெரியாது. ஏன்னா, புரியலை என்று நாலு பேர் முன்னால் சொல்ல யாருக்கும் கூச்சம்தான். எனவே இந்தப் பயிற்சியில் அந்தக் கேள்வியையே தவிர்க்கச் சொல்வார்கள். ‘ஐ யூஸ்டு டு ஸ்மோக்’ என்ற வாக்கியத்தை நடத்தினால், அவர் இப்போது சிகரெட் பிடிக்கிறாரா, முன்பு பிடித்தாரா, ஒரு தடவையா பல தடவையா என்று கேட்க வேண்டும். பதிலில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று, ஆசிரியர் வாயை மூடப் பழகுவது. 40 நிமிட வகுப்பில் 30 நிமிடம் டீச்சரே பேசினால் மாணவர் எப்போது பேசுவார்? ஜோடி ஜோடியாகப் பேசவிட்டு, சுற்றி வந்து காது கொடுத்துக் கேட்பதும் கற்பித்தல்தான். பல மையங்களில், சுத்தமாகத் தெரியாத ஒரு மொழியில் பயிற்சியாளர்களையே மாணவராக உட்கார வைப்பதும் உண்டு. முதல் நாள் மாணவரின் பயம் என்னவென்று அப்போது புரியும்.

4 வாரம் போதுமா?

நியாயமான கேள்வி. ஒரு மாதத்தில் யாரும் முழு ஆசிரியர் ஆகிவிட முடியாது. மொழியியலோ, குழந்தை உளவியலோ இதில் ஆழமாகக் கிடையாது. பயிற்சியே வயது வந்தோருக்குக் கற்பிப்பதற்காக உருவானது. ஆனால் இது முதல் படி மட்டும்தான். முதல் நாளே மாணவரின் நேரத்தை வீணாக்காமல் இருக்க என்ன தேவையோ, அதைத் தருகிறது. முதல் தவறுகளைத் துணைக்கு ஆள் இருக்கும்போதே செய்துவிட வாய்ப்பு தருகிறது. அந்தப் பயிற்சி வகுப்புக்கு வரும் மாணவர்களிடம் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை, அல்லது மிகக் குறைவாக வாங்குகிறார்கள்.

பிறகு என்ன ஆனது?

1970-களின் இறுதியில் ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் இந்த மாதிரியை எடுத்துச் சான்றிதழ் ஆக்கியது. 1988-ல் அது கேம்பிரிட்ஜ் வசம் போனது. 1996-ல் செல்டா என்ற பெயர் வந்தது. இன்று அதில் 120 மணி நேரப் பயிற்சி, அதில் 6 மணி நேரம் நிஜ வகுப்பு எடுத்தே ஆக வேண்டும். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேசத் தெரிவது மட்டுமே தகுதி இல்லை என்று தொடங்கிய பயிற்சி ஆயிற்றே!

1982-ல் ஹேகிராஃப்டுக்கு சிபிஇ என்ற பிரிட்டிஷ் அரசு விருது கிடைத்தது. செல்டா பெயர் வந்த அதே 1996-ல், மே மாதம் அவர் இறந்தார்.

நீங்கள் ஆசிரியராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு வேலையைச் சொல்லிக் கொடுக்கும் நாள் வரும். அன்றைக்குப் புரிஞ்சுதா என்று கேட்பதற்குப் பதிலாக, வேலையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, அங்கேதான் நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் இருக்கிறது.