குறையை மறைக்காத வானோடி

லூயி பிளேரியோ 1872ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கம்பிரே நகரில் பிறந்தார். பொறியியல் பயின்ற அவர், மோட்டார் வண்டி விளக்குகளை விற்று ஈட்டிய பணத்தில் விமானங்களை உருவாக்கினார். 1909 ஜூலை 25ஆம் நாள், தாம் உருவாக்கிய விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து உலகப் புகழ் பெற்றார்.

அவ்விமானத்தின் இறக்கைகளுக்கு வீட்டு உத்திரம் போன்ற நீண்ட மரச்சட்டங்கள் வலிமை தந்தன. மேலும் கீழும் கட்டப்பட்ட கம்பிகள் அவற்றை இழுத்துப் பிடித்தன. அதன் இயந்திரம் 25 குதிரைத்திறன் கொண்டது. லியோன் டெலக்ராஞ் என்ற வானோடி அதே வகை விமானத்தில் 50 குதிரைத்திறன் இயந்திரத்தைப் பொருத்தினார். வேகம் கூடியது, இறக்கைகள் தாங்கவேண்டிய சுமையும் கூடியது. 1910 ஜனவரியில், பறந்துகொண்டிருந்தபோது இறக்கை முறிந்ததால் அவர் உயிரிழந்தார்.

அதன் பின்னரும் விபத்துகள் தொடர்ந்தன. பிளேரியோ காரணத்தை ஆராய்ந்தார். விமானம் திடீரெனக் கீழ்நோக்கித் திரும்பும்போது காற்று இறக்கைகளை மேலிருந்து அழுத்துகிறது. அதைத் தாங்கும் வலிமை மேற்புறக் கம்பிகளுக்கு இல்லை என்று கண்டறிந்தார். தம் விமானங்களின் விற்பனையைப் பாதிக்கக்கூடிய அவ்வுண்மையை 1912இல் பிரெஞ்சு அரசுக்கு அறிக்கையாக அளித்தார். இராணுவம் அத்தகைய விமானங்களைத் தற்காலிகமாக நிறுத்தியது. வலுப்படுத்தப்பட்ட பின்னரே அவை மீண்டும் பறந்தன.

பிளேரியோ 1936இல் மறைந்தார். கால்வாயைக் கடந்த துணிவுக்காக உலகம் அவரைப் போற்றுகிறது. தம் படைப்பின் குறையைத் தாமே எடுத்துரைத்த துணிவும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று.