கரும்பைத் திருத்திய வெங்கட்ராமன்

தருமபுரிச் சீமைக்குப் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவனுடைய முன்னோர் வேற்றிடத்திலிருந்து கரும்பைக் கொண்டுவந்து இங்கே பயிராக்கினார்கள் என்ற செய்தியைப் புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். நம் மண்ணின் பயிர் என்று இன்று நாம் உரிமை பாராட்டும் கரும்பும் ஒரு நாள் புதிதாக வந்ததுதான். புதியது என்பதற்காக அன்று அதைத் தகடூர் தள்ளியிருந்தால், பொங்கலன்று நம் வாசலில் கரும்பு ஏது?

இந்த நினைவு இப்போது எழக் காரணம் உண்டு. மரபணு மாற்றிய உணவு என்றாலே நஞ்சு என்று ஒரு சாரார் பேசிவருகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால், அப்படிப் பேசுவோர் ஒரு தமிழ் விஞ்ஞானியின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர்தான் சர் டி. எஸ். வெங்கட்ராமன்.

1884-இல் பிறந்த அவர் தாவர நூல் கற்றவர். 1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டபோது, அதன் தலைவரான பார்பர் என்ற ஆங்கிலேய நிபுணருக்குத் துணையாக அமர்ந்தார். அந்நாளில் இந்தியாவின் நிலை என்ன? பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணத்திலும் பயிரான கரும்பு விரல் பருமன்தான், சாறும் சொற்பம். கரும்பு பிறந்த நாடுகளுள் ஒன்று என்று பேர்பெற்ற தேசம், வெள்ளைச் சர்க்கரைக்கு ஜாவாத் தீவின் கப்பலை எதிர்பார்த்து நின்றது.

கரும்பைக் கரணை வைத்தே நட்டுப் பழகியவர்கள் நம் உழவர்கள். கரணையிலிருந்து வருவது தாய்க் கரும்பின் அச்சு; அதில் புதிய குணம் பிறப்பது அரிது. கரும்பு பூத்து விதை பிடித்தால்தான் இரண்டு இனங்களின் குணங்கள் ஒன்றாகக் கலக்கும். கோவையின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூக்கிறது, விதையும் பிடிக்கிறது. ஆகவேதான் வடநாட்டுக்கு வேண்டிய கரும்பும் தென்னாட்டில் பிறக்க நேர்ந்தது.

பார்பரும் வெங்கட்ராமனும் செய்த துணிவான காரியம் இதுதான். தென்னாட்டின் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பின் பூவில், ஓடைக்கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் பேய்க்கரும்பின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். உழவன் கண்ணுக்குப் பேய்க்கரும்பு வெறும் களை. வெட்டி எறியவேண்டிய புல். ஆனால் வறட்சியையும் குளிரையும் நோயையும் தாங்கும் உரம் அதற்கு உண்டு. இந்தக் கலப்பில் பிறந்த கோ 205 என்ற கரும்பு 1918-இல் பஞ்சாப் உழவர் கைக்குப் போயிற்று. உள்ளூர்க் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. களையென்று ஒதுக்கப்பட்டது குலத்தைக் காத்தது!

பார்பருக்குப் பின் நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது. 1942 வரை அவர் அங்கேயே உழைத்தார். கலப்பில் பிறந்த ஆயிரக்கணக்கான நாற்றுகளை ஆண்டுதோறும் வளர்த்து, சாறு பார்த்து, நோய் பார்த்து, தேறாதவற்றை ஈவிரக்கமின்றிக் கழித்து, ஒன்றிரண்டை மட்டும் உழவரிடம் கொடுப்பது அவர் வழக்கம். ஜாவாவின் பேர்பெற்ற கரும்பொன்றையும் தம் நிலையத்துக் கரும்பொன்றையும் சேர்த்து அவர் எடுத்த கோ 419, தமிழ்நாட்டிலும் தக்காணத்திலும் வயல்வயலாகப் பரவிற்று. கரும்பின் வயதைக் குறைக்கச் சோளத்தோடும் கலந்து பார்த்தார், மூங்கிலையும் விட்டுவைக்கவில்லை. 1937-இல் இந்திய விஞ்ஞான மாநாட்டுக்குத் தலைவரானபோது, அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தியக் கிராமம். ஆய்வுக்கூடத்தில் இருந்தபோதும் அவர் கண் கிராமத்தின் மீதே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

விளைவைப் பாருங்கள். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியா இறக்குமதி செய்த சர்க்கரை சுமார் 10 லட்சம் டன். 1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. நல்ல கரும்பு வயலில் இருந்ததால் அந்தப் பாதுகாப்பும் பலித்தது. முப்பது வரை இருந்த ஆலைகள் ஐந்தாறு ஆண்டுகளில் நூற்று முப்பதைத் தாண்டின. ஜாவாச் சர்க்கரை வரத்து ஓய்ந்தது. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற வெங்கட்ராமன், 1963-இல் மறைந்தார்.

குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அந்த நிலையம் தந்த கோ 213 என்ற கரும்பைச் செவ்வழுகல் நோய் 1930-களின் இறுதியில் பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் அழித்தது. அதற்காக ஆராய்ச்சியை மூடிவிடவில்லை. அடுத்த கரும்பைத் தேடினார்கள். அதுதான் விஞ்ஞானத்தின் வழி.

இனி இன்றைய வழக்குக்கு வருவோம். இன்று பயிராகும் கரும்பு இனங்களின் குரோமோசோம்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை பேய்க்கரும்பிலிருந்து வந்தவை. ஒரு களையின் ஆயிரக்கணக்கான மரபணுக்களை நாம் நூறாண்டுகளாக வெல்லமாகவும் சர்க்கரையாகவும் விளையும் பயிருக்குள் ஏற்று வாழ்கிறோம். மரபணு மாற்றத்திலோ, பெரும்பாலும் ஒன்றிரண்டு மரபணுக்களைத் தெரிந்தெடுத்துச் சேர்க்கிறார்கள். அவை பூவின் வழியே சேர முடியாத உயிர்களிடமிருந்தும் வரலாம் என்பது மெய்யான வேற்றுமை. அதனால்தான் நச்சுத்தன்மை உண்டா, ஒவ்வாமை வருமா, சத்து மாறிற்றா என்று ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே சோதிக்கிறார்கள். அமெரிக்க விஞ்ஞான அகாதமி 2016-இல் இதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சந்தையிலுள்ள மரபணு மாற்றிய உணவுகள் மற்ற உணவுகளைவிட உடலுக்குத் தீங்கானவை என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று அறிவித்தது.

நம் நாடோ காய்ப்புழுவைத் தாங்கும் கத்தரியை 2010-இல் நிறுத்திவைத்தது. வங்கதேசம் அதே கத்தரிக்கு 2013-இல் அனுமதி தந்தது. வறட்சி தாங்கும் மரபணு மாற்றிய கரும்புக்கு 2013-இல் அனுமதி தந்த நாடு எது தெரியுமா? ஜாவாத் தீவைத் தன்னகத்தே கொண்ட இந்தோனேசியா! எந்தத் தீவின் சர்க்கரையை வெங்கட்ராமன் வெளியேற்றினாரோ, அது இன்று நம்மைத் தாண்டி ஓடுகிறது.

தருமபுரி உழவனுக்கு இது ஏட்டுப் பேச்சல்ல. பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. மழை பொய்த்துக் கிணறு வற்றினால், வயலில் கரும்பு காய்கிறது. ஆலையின் அரவையும் குறைகிறது. குறைந்த நீரில் நிற்கும் கரும்பும், மருந்தடிப்பைக் குறைக்கும் கத்தரியும் வருமானால் முதலில் பிழைப்பவன் அவன்தான்.

விதை கம்பெனிகளின் கைக்குள் போய்விடுமே என்ற அச்சம் இருக்கிறது. அது நியாயமான அச்சம். அதற்கும் விடை வெங்கட்ராமனின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் கரும்பு பொதுமக்கள் பணத்தில், சர்க்கார் நிலையத்தில் பிறந்தது. கரணை உழவனிடமிருந்து உழவனுக்குக் கைமாறியது. ஆகவே நாம் கேட்பது இரண்டு. சோதனை கடுமையாகவும் வெளிப்படையாகவும் நடக்கட்டும். ஆராய்ச்சி அரசு நிலையங்களில் வளரட்டும். தேறாத பயிரை வெங்கட்ராமனைப் போலவே ஈவிரக்கமின்றிக் கழிப்போம். தேறியதை, அதியமானின் முன்னோர் கரும்பை ஏற்றதுபோல, அஞ்சாமல் ஏற்போம்.